மாமா பேசிய ஸ்பானிஷ்

எங்கள் தெருவில் கப்பலுக்குப் போய் வந்தவர் என் மாமா ஒருவர்தான். அம்மாவுக்கு ஒரே தம்பி. கப்பல் என்றதும் வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, கையில் பெரிய சக்கரம் என்று தெருவே கற்பனை செய்துகொண்டது. மாமா அதை ஆமோதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவர் வேலை பார்த்தது கரீபியன் கடலில் தீவு தீவாகச் சுற்றும் ஓர் உல்லாசக் கப்பலின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத சலவைக்கூடத்தில். மேலே உறங்கி எழுந்தவர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு மடிக்க வேண்டும். அத்தனை வருடத்தில் கடலைப் பார்த்ததைவிடச் சோப்பு நுரையைப் பார்த்ததுதான் அதிகம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் நீராவி இஸ்திரி எந்திரத்தில் அவர் வலது கை மாட்டி, முழங்கை வரை வெந்துபோனது. கப்பல்காரர்கள் மருந்து போட்டு, அடுத்த துறைமுகத்தில் இறக்கி, விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வந்தவர் எங்கள் வீட்டிலேயே தங்கினார். அப்பா லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அதனால் வீட்டில் ஓர் ஆண் துணை கிடைத்ததில் அம்மாவுக்கு நிம்மதி. எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமாவின் கைத்தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும். நான் தொட்டுப் பார்த்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

கொண்டுவந்த சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. தீராமல் இருந்தது ஸ்பானிஷ். சலவைக்கூடத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் டொமினிக்கன் குடியரசு என்ற தீவு நாட்டுக்காரர்கள். அவர்கள் பேசப் பேச மாமாவுக்கும் வந்துவிட்டது. யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை, எழுத்தில் ஒரு வரிகூட அவர் படித்ததில்லை.

அவர்களில் ஒருவர் மாமாவுடன் ஒரே அறையில் இருந்தவர். இவர் கீழ்க்கட்டில், அவர் மேல்கட்டில். கை வெந்தபோது சோறு ஊட்டியது, பேன்ட் மாட்டிவிட்டது எல்லாம் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வீடியோ காலில் வந்துவிடுவார். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். கறுத்த, அகலமான முகம், முன்பல் ஒன்றில் தங்கம். நான் அவரைக் கப்பல் மாமா என்று கூப்பிடுவேன். திரையில் அம்மா தெரிந்தால் போதும், "மாமி! மாமி!" என்று கத்துவார். அவர்கள் ஊரில் பெண்களைப் பிரியமாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எங்கள் ஊரில் மாமி என்றால் அது சின்ன காஞ்சிபுரத்து மாமிகள். அம்மா அவர்களில் யார் வீட்டு வாசற்படியையும் தாண்டி உள்ளே போனவள் அல்ல. "என்னப் போயி மாமின்றாரு பாருடா" என்று தம்பியிடம் சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மாமாவும் அவரும் பேசுவதைக் கேட்டால் இரண்டு பேர் மாறி மாறிப் பாறாங்கல்லில் சறுக்கி விளையாடுவதுபோல் இருக்கும். சொற்களின் கடைசியில் எதுவும் ஒட்டிக்கொண்டு நிற்காது. ஒன்றின் வாலை அடுத்தது விழுங்கிவிடும்.

கை ஆறியதும் வேலை தேடியவருக்கு அந்த ஸ்பானிஷே வேலை வாங்கித் தந்தது. ராஜ வீதிப் பக்கம் ஒரு பெரிய பட்டுக் கடை. அங்கே வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். ஆங்கிலம் பேச ஆள் இருந்தது, ஸ்பானிஷ் பேச யாரும் இல்லை. மாமாவைச் சேர்த்துக்கொண்டார்கள். ஏகாம்பரநாதர் கோயிலைச் சுற்றிக் காட்டிவிட்டு அப்படியே கடைக்கு அழைத்து வர வேண்டும். முதலில் வந்தது கொலம்பியாவின் கடற்கரைப் பக்கத்துக் கூட்டம். மாமா வாயைத் திறந்ததும் தங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டு அவர்கள் ஆரவாரம் செய்து, கட்டிப்பிடித்து, ஆயிரங்கால் மண்டபத்திலேயே ஆடத் தொடங்கிவிட்டார்களாம். கடை முதலாளி அன்று மாமாவின் தோளில் கை போட்டுக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் வீட்டில் நின்றுபோயிருந்த கல்யாணப் பேச்சு எழுந்தது. மாகறலில் ஒரு பெண். நர்ஸ் வேலைக்குப் படித்தவள். கப்பல் வேலை போனதும் பின்வாங்கியிருந்த பெண்வீட்டார், "மாப்ள வெள்ளக்காரனுக்கே கோயில் காட்றாராமே" என்று கேள்விப்பட்டு மறுபடி ஆள் அனுப்பினார்கள். அம்மா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். மாமா முகத்தில் அந்த நாட்களில் இருந்த வெளிச்சத்தை நான் அப்புறம் பார்க்கவில்லை.

அரையாண்டு விடுமுறை வந்தது. ஸ்பெயின் நாட்டிலிருந்தே ஒரு கூட்டம் வருகிறது என்றும், மெட்ராஸ் சுற்றுலாக் கம்பெனிக்குத் திருப்தியானால் வருகிற கூட்டமெல்லாம் இனி மாமாவுக்கே என்றும் முதலாளி சொல்லியிருந்தார். "அவங்க பாஷதான் இது, அவங்க ஊர்லேர்ந்துதான் வந்துச்சு. இன்னும் குஷியாயிடுவாங்க" என்றார் மாமா. கூட்டத்தைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

எல்லோரும் வயதானவர்கள், அமைதியானவர்கள், தொப்பி போட்டவர்கள். கோயில் மாமரத்தடியில் நின்று மாமா பேசினார். அவர்கள் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் புன்னகைத்தார்கள். ஒரு பெரியவர் மாமா சொன்னதையே திருப்பிச் சொல்லிப் பார்த்தார், "போல் ஃபாவோல்" என்று. பக்கத்திலிருந்தவர் தோளைக் குலுக்கிச் சிரித்தார். தயவுசெய்து என்பதற்கு அவர்கள் சொல்வது "போர் ஃபாவோர்". கப்பல் மாமாவின் தீவில் அந்த 'ர்' எல்லாம் 'ல்' ஆகிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நன்றி சொல்ல மாமா "கிராசியா" என்றார். அவர்களோ நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை விட்டு "கிராத்தியாஸ்" என்றார்கள். ஒரே சொல்தான் போய் வருகிறது என்றுகூட எனக்குப் புரியவில்லை.

கிளம்பும்போது முத்துமாலை போட்ட ஓர் அம்மாள் மாமாவின் வெந்த கையைப் பிடித்துக்கொண்டு மிகுந்த அன்போடு ஏதோ சொன்னாள். மாமா தலையசைத்தார். அவர்கள் பஸ் ஏறிய பிறகு நான் கேட்டேன்.

"இன்னா மாமா சொன்னாங்க?"

மாமா பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்க வூட்டு ஆளு மாதிரியே பேசுறேனாம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். ஸ்பெயின்காரர்கள் மாமாவைத் தங்கள் வீட்டு ஆளாகவே நினைத்துவிட்டார்கள் என்று மளிகைக் கடையிலும் டியூஷனிலும் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாகறலிலிருந்து பெண்ணின் அப்பா வந்தபோது அவரிடமும் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "பார்றா!" என்றார். மாமா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

அந்த அம்மாள் சொன்னது என்ன என்று அம்மா எனக்குச் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு. மாட்ரிடில் அவள் வீட்டில் சமையலும் துடைப்பதும் செய்ய ஒரு டொமினிக்கன் பெண் இருக்கிறாள். அருமையான பெண். நீங்கள் அச்சு அசல் அவளைப்போலவே பேசுகிறீர்கள். இவ்வளவுதான் அவள் சொன்னது. மாமா எனக்குப் பொய் சொல்லவில்லை.

அந்தக் கூட்டம் வந்துபோன மறுநாளே முதலாளி மாமாவைக் கூப்பிட்டுவிட்டார். கம்பெனியிலிருந்து போன் வந்ததாம். பேச்சு மட்டமாக இருக்கிறது, மரியாதைப்பட்டவர்கள் வருகிற இடம், கொஞ்சம் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்களாம். முதலாளி நல்லவிதமாகத்தான் சொன்னார். "அவங்க எப்டி பேசுறாங்களோ அப்டி பேசிட்டுப் போயேம்பா. நாக்குதான, வளைச்சா வளையாதா?"

மாமா வளைக்க ஆரம்பித்தார். போனில் ஸ்பெயின்காரர்களின் வீடியோக்களைப் போட்டுக்கொண்டு, குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று நாக்கை வெளியே நீட்டி நீட்டிப் பழகினார். ஐந்து என்பதற்கு அதுவரை "சின்கோ". இனிமேல் "தின்கோ". வெளியில் அடுப்பு வேலை செய்துகொண்டே கேட்கும் அம்மாவுக்கும் எனக்கும் சிரிப்பு வரும். பாம்பு சீறுகிற மாதிரி இருக்கும். முதலில் மாமாவும் கூடச் சிரித்தார். பிறகு கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

அந்த வாரம் கப்பல் மாமா கூப்பிட்டபோது மாமா அந்தப் புதிய மாதிரியில் பேசினார். திரையில் தங்கப்பல் தெரிய அவர் வெடித்துச் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார். தானும் நாக்கை நீட்டி, கழுத்தை நிமிர்த்தி, பெரிய மனிதர்போல் பேசிக் காட்டினார். நானும் கைதட்டிச் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனைத் துண்டித்தார். அடுத்த ஞாயிறு மணி அடித்தபோது எடுக்கவில்லை.

"அந்த ஆளு இன்னாடா பண்ணாரு உனுக்கு?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் பண்ணல. அவன் பேச்சுதான் எனுக்கு ஒட்டிக்கினு இருக்குது. போவ மாட்டேங்குது."

எனக்கும் அந்த நாட்களில் நாக்கால் ஒரு தொல்லை இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் 'ழ' வராது. வாழைப்பழம் வாயப்பயம், மழை மயெ, கோழி கோயி. பொங்கல் விழாவில் பாடுகிற குழுவிலிருந்து அதற்காகவே டீச்சர் என்னை எடுத்துவிட்டிருந்தார். விடுமுறைக்கு முன்பு நான் அழுதுகொண்டே வந்து சொன்னபோது, "விடு பாப்பா. எப்டி சொன்னாலும் மயெ பேஞ்சா நனையத்தான் போறோம்" என்று மிட்டாய் வாங்கிக் கொடுத்தவர் மாமாதான். இப்போது ஒரு மத்தியானம் நான் கையில் பழத்தோடு அவரைத் தாண்டிப் போகையில், "இன்னாது அது?" என்று கேட்டார்.

"பயம், மாமா."

"சரியா சொல்லு."

"வாயப்பயம்."

பக்கத்தில் உட்காரவைத்தார். நாக்கை மடி என்றார். மேலே தொடு என்றார். நான் சொல்லச் சொல்ல 'ய'வும் 'ள'வும்தான் வந்தன. அவருக்கே வராத எழுத்தை அவர் எப்படிச் சொல்லித் தர முடியும்? அவர் சொல்லிக் காட்டியதும் ஒவ்வொரு தடவையும் பயம் என்றுதான் வந்தது. அது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். முதலில் என் தாடையைப் பிடித்து அழுத்தினார். அப்புறம் ஓங்கி ஓர் அறை. மாமா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். பழம் தரையில் விழுந்தது.

அம்மா ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டாள். "பைத்தியமா புடிச்சிகிச்சு உனுக்கு? நம்ம வாய்ல அது வராதுடா. வராம நாம இன்னா செத்தா பூட்டோம்?"

"நாளைக்கி இவளையும் எவளாவது கையப் புடிச்சிக்கினு சொல்லுவா. அப்ப தெரியும்" என்றார் மாமா. யார் என் கையைப் பிடிப்பார்கள், பிடித்தால் என்ன தப்பு என்று யோசித்துக்கொண்டே நான் அழுதேன்.

பொங்கலை ஒட்டி மறுபடி மாட்ரிட் கூட்டம் வந்தது. இந்த முறையும் நான் மாமாவோடு போனேன். கூட்டத்தில் இளைஞர்களும் இருந்தார்கள். கூட்டத்தோடு மெட்ராஸிலிருந்து ஒரு பெண்ணும் வந்திருந்தாள். கம்பெனிக்காரி, கல்லூரியில் ஸ்பானிஷ் படித்தவளாம். அவள் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா அயர்ன் செய்த முழுக்கைச் சட்டை போட்டுக் கையை மறைத்திருந்தார். கோயிலில் அதிகம் பேசவில்லை. கடைக்கு வந்து, வெள்ளை விரிப்பின் மேல் சிவப்புப் புடவையை உதறிப் போட்டு, நிமிர்ந்து, தெளிவாக, நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து ஆரம்பித்தார். பட்டு என்பதற்கு ஸ்பானிஷில் "செதா". மாமா "தெதா" என்றார். "தெதா" என்று இன்னும் அழுத்திச் சொன்னார்.

ஓர் இளைஞன் சட்டென்று பின்னால் நகர்ந்து, இடுப்பை வளைத்து, கையை நீட்டி வழி விட்டான். பார்த்த மற்றவர்களும் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். நடுவில் ஒரு பாதை உண்டானது. மாமா புடவையும் கையுமாக அந்தப் பாதையின் முனையில் நின்றார். கடை முழுக்கச் சிரிப்பு. ராஜாவுக்கு வழி விடுவதுபோல் மாமாவுக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன். மெட்ராஸ் பெண் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரியில் நானும் விருப்பப் பாடமாகக் கொஞ்ச நாள் ஸ்பானிஷ் படித்தேன். சில எழுத்துகளுக்குத்தான் ஸ்பெயினில் அந்தத் 'த' ஒலி. 'ஸ' ஒலிக்கென்று இருக்கிற எழுத்துக்கு அது கிடையாது. எழுத்தில் படிக்காத மாமா, எது எதுவென்று தெரியாமல், எல்லாவற்றையும் 'த' ஆக்கிவிட்டார். "தெதா" என்றால் வழி விடு. அங்கே சாலைச் சந்திப்புகளில் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். இந்த உச்சரிப்பு, அந்த உச்சரிப்பு, தீவுக்காரர் உச்சரிப்பு எல்லாமே சரிதான், மொழியில் உயர்வு தாழ்வு இல்லை என்று எங்கள் ஆசிரியை அழகாக விளக்கினார். விளக்கிவிட்டு, வாய்மொழித் தேர்வில் மட்டும் இப்படிச் சொல்லுங்கள் என்று ஒன்றைச் சொல்லித் தந்தார்.

கடையில் சிரிப்பு எழுந்த அன்று சாயங்காலம் முதலாளி மாமாவைத் திட்டவில்லை. "அந்த மெட்ராஸ் பொண்ணு வாரத்துல ரெண்டு நாள் வந்துட்டுப் போறேன்னுது. நீ ஒண்ணும் கவலப்படாத. புடவை நல்லா மடிக்கிறப்பா நீ. உள்ள ஸ்டாக் ரூம்ல இரு" என்றார். மாமா சரி என்று தலையசைத்துவிட்டு வந்தார். மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

மாகறலிலிருந்து முதலில் போன் குறைந்தது. பிறகு ஒருவர் வந்து, பெண்ணுக்கு ஜாதகத்தில் ஏதோ இருக்கிறது என்று எங்களிடம் பொதுவாகச் சொல்லிவிட்டு, காபி குடித்துப் போனார். அம்மா எல்லாச் சாமியையும் திட்டினாள். மாமா தாடி வளர்த்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எதற்கும் வாயைத் திறப்பதில்லை. சோறு போதுமா என்றால் கையைக் காட்டுவார். ஸ்பானிஷோடு சேர்த்துத் தமிழையும் அவர் நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. சித்திரையில் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை விடுதியில் துணி துவைக்கிற வேலைக்குப் போனார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். கல்யாணம் நடக்கவில்லை.

அந்த வேலைக்குப் போவதற்கு முன்பு, ஒரு ஞாயிறு சாயங்காலம் அவர் போன் அடித்தது. எடுக்கிறார்களா இல்லையா என்று பார்க்காமல் வாரம் தவறாமல் அடித்துக்கொண்டிருந்த மணிதான். அம்மா குழாயடியில் இருந்தாள். மாமா கண்ணைத் திறக்காமலே கையை அசைத்தார். அதை நிறுத்து என்று அர்த்தம். எனக்கு எப்படி நிறுத்துவது என்று தெரியும். ஆனாலும் தங்கப்பல்லைப் பார்க்க ஆசையாக இருந்தது. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பச்சையைத் தொட்டேன்.

கப்பல் மாமா கப்பலில் இல்லை. பின்னால் ஒரு தகர வீடும் வாழை இலையும் தெரிந்தன. அவரும் வேலையை விட்டு வந்துவிட்டாரோ என்னவோ. இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என் தோளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். நான் கையை விரித்து, "மாமா தூங்குறாரு" என்றேன். அவர் போனை முகத்துக்கு மிக அருகில் கொண்டுவந்து, மெதுவாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்து, மறுபடியும் சொன்னார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. மூன்றாவது தடவை சொன்னபோது எனக்குப் பாவமாக இருந்தது. அதனால் நன்றாகப் புரிந்துவிட்டதுபோல் பலமாகத் தலையாட்டி, "சரி, சரி" என்றேன். உடனே அவர் முகம் தெளிந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். திரை அணைந்தது. அதன் பிறகு அந்த மணி அடிக்கவே இல்லை.

உள்ளே போனபோது மாமா, "யாரு?" என்றார்.

"கப்பல் மாமா."

"இன்னா சொன்னான்?"

"சும்மாதான்" என்றேன்.

ஒவ்வொரு தடவையும் கப்பல் மாமா "தீலே கே" என்றுதான் ஆரம்பித்தார். அந்த இரண்டு சொற்கள் மட்டும் எப்படியோ என் காதில் தங்கிவிட்டன. கல்லூரி வகுப்பில் ஒரு நாள் ஆசிரியை அதைப் பலகையில் எழுதி, பொருளையும் எழுதினார். "அவனிடம் சொல்." அந்த இரண்டு சொற்களுக்குப் பிறகு கப்பல் மாமா சொன்ன எதுவும் எனக்கு நினைவில் இல்லை.